எந்த மொழியில் விளக்கினீர்கள்?

வங்கியில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இந்தக் காகிதம் நன்றாகத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடன் பத்திரமோ இன்சூரன்ஸ் விண்ணப்பமோ ஒரு மொழியில் இருந்து, வாடிக்கையாளர் வேறு மொழியில் கையெழுத்துப் போட்டாலோ, கைநாட்டு வைத்தாலோ கூடவே ஓர் உறுதிமொழி வாங்க வேண்டும். நாங்கள் அதை 'வெர்னாகுலர் டிக்ளரேஷன்' என்போம். "இந்தப் படிவத்தில் உள்ள விவரங்கள் எனக்கு ________ மொழியில் படித்துக் காட்டி விளக்கப்பட்டன, நான் அவற்றை முழுமையாகப் புரிந்துகொண்டேன்" என்று இருக்கும். கீழே வாடிக்கையாளரின் கைநாட்டு, பக்கத்தில் விளக்கிச் சொன்னவரின் கையெழுத்து.

நடுவில் அந்தக் கோடு இருக்கிறதே, அதில் மொழியின் பெயரை எழுத வேண்டும். இருபது வருட சர்வீஸில் எத்தனை நூறு முறை அதை நிரப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கோவில்பட்டிப் பக்கம் இருந்தவரை 'தமிழ்' என்று எழுதினேன். ஜார்க்கண்டுக்கு வந்தபின் 'ஹிந்தி' என்று எழுதினேன். அதை எழுதும்போது ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்படி யோசிக்காமல் எழுதிய ஒரு 'ஹிந்தி'யைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் ஜாதகம். அப்பா 1965-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவர். அந்த வருட ஜனவரியில் ஊர்வலத்தில் போய், போலீஸ் தடியடியில் முட்டியில் வாங்கிய அடியை இன்றைக்கும் மழைக்காலத்தில் நினைவுபடுத்திக்கொள்வார். அந்த வீட்டில் பிறந்து, பி.காம். முடித்து, கிளார்க்காகச் சேர்ந்து, ஆபீசராகி, 2017-ல் மேனேஜராகப் புரமோஷன் வாங்கியவனை எங்கே தூக்கிப் போட்டார்கள் தெரியுமா? ஜார்க்கண்ட் மாநிலம், தும்கா மாவட்டம். ஜசிடீ ஜங்ஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். (தேவ்கர் வைத்தியநாதர் கோவிலுக்குப் போனவர்களுக்கு ஜசிடீ தெரிந்திருக்கும்.) அங்கிருந்தும் உள்ளே தள்ளி, சால் மரக்காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு கிராமத்துக் கிளை.

எனக்கு அப்போது தெரிந்த இந்தி, ரயிலில் டீ வாங்கும் அளவுக்குத்தான். ஆனால் பொதுத்துறை வங்கியில் இந்தி படிக்க வசதிக்குக் குறைவே கிடையாது. பிரபோத், பிரவீண், பிராக்யா என்று வரிசையாகப் பரீட்சைகள். எழுதினேன், தேறினேன். செப்டம்பர் மாதம் இந்திப் பக்வாடாவில் 'இந்தி பேசாத ஊழியர்' பிரிவில் கட்டுரைப் போட்டிக்கு இரண்டாம் பரிசுகூட வாங்கினேன். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை :-)

இன்னொரு வேடிக்கை. மத்திய அரசின் 1976-ஆம் வருட ஆட்சிமொழி விதிகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும், தமிழ்நாடு நீங்கலாக. விதியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அப்பாவின் முட்டிக்கு அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் நினைத்துக்கொள்வேன். ஜார்க்கண்டோ அந்த விதிகளின்படி 'க்ஷேத்ரா க', அதாவது இந்தி மாநிலம். வங்கிப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி என்று மூன்று மொழிகளில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். இந்தி மாநிலத்தில் வட்டார மொழியும் இந்தியே என்று கணக்கு வைத்து, மூன்று இரண்டாகிவிடும்.

ஆனால் என் கிளைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் இந்தி பேசுகிறவர்கள் இல்லை. அவர்கள் சந்தால்கள். பேசுவது சந்தாலி. அது இந்தியின் கிளைமொழி இல்லை. முண்டா மொழிக் குடும்பம், ஆஸ்ட்ரோ-ஆசியாட்டிக். கம்போடியாவின் கெமர் மொழிக்குத் தூரத்துச் சொந்தம். இந்தியிலிருந்து தமிழ் எவ்வளவு தூரமோ, குறைந்தபட்சம் அவ்வளவு தூரம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இதைப் பேசுகிறவர்கள் சுமார் 73 லட்சம். பண்டித ரகுநாத் முர்மு என்ற ஒடிஷாக்காரர் 1925-ல் இந்த மொழிக்கென்று 'ஓல் சிக்கி' என்ற எழுத்தையே உருவாக்கினார். முப்பது எழுத்து. மண், காளான் என்று கிராமத்தில் கண்ணில் படுகிறவற்றை வைத்து வடிவம் கொடுத்திருக்கிறார். 2003-ஆம் வருட 92-வது திருத்தத்தில் அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையில் சந்தாலியும் சேர்ந்தது. 2008-ல் யூனிகோடிலும் இடம் வந்துவிட்டது. 2011-ல் ஜார்க்கண்ட் அரசு இதையும் இரண்டாம் ஆட்சிமொழிகளில் ஒன்றாக அறிவித்தது.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. என் கவுண்டரில் மட்டும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2018 மார்ச். மார்ச் என்றால் வங்கிக்காரன் மனுஷனே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் டார்கெட்டில் எங்கள் கிளை பின்தங்கியிருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு கான்ஃபரன்ஸ் கால். "தும்கா கிராமத்துக் கிளை என்ன, தூங்குகிறதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் ஒரு மௌசி வந்தார். (அந்தப் பக்கம் வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். நம் ஊர் 'சித்தி, பெரியம்மா' மாதிரி.) ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். முந்தானையில் முடிந்து அறுபதாயிரம் ரூபாய் கொண்டுவந்திருந்தார். பெரிய மகன் லடாக்கில் ரோடு போடும் வேலையில் இருந்தான். தும்கா மாவட்டத்திலிருந்து கோடைதோறும் ஆட்கள் லடாக்குக்குப் போவார்கள். எல்லையோர மலைச்சாலைகளில் அவர்கள் உழைப்பு நிறைய இருக்கிறது. அந்த மகன் இரண்டு கோடைக்கு உழைத்துச் சேர்த்த பணம் அது.

பணத்தை ஒரு வருடம் பத்திரமாகப் போட்டுவைக்க வேண்டும் என்றுதான் அவர் வந்தார். நியாயமாக ஒரு எஃப்.டி. போட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டியவன் நான். அதைச் செய்யவில்லை. ஐம்பதாயிரத்தை ஒரு ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் போட்டேன். வருடம் ஐம்பதாயிரம், பத்து வருடம் கட்ட வேண்டிய பாலிசி. மிச்சம் பத்தாயிரம் சேமிப்புக் கணக்கில்.

விளக்கிச் சொன்னேனா? சொன்னேன். என் பிராக்யா இந்தியில், பத்து நிமிஷம் சொன்னேன். "ஹர் சால்", "பைசா", "பஹுத் ஃபாய்தா" எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஹெ.. ஹெ.." என்று தலையாட்டினார். சந்தாலியில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம் என்பது வரை எனக்குத் தெரியும். கைநாட்டு வைத்தார். நான் கோட்டில் 'ஹிந்தி' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றைய கான்ஃபரன்ஸ் காலில் எங்கள் கிளைக்குப் பாராட்டு.

2019 மே மாதம் அவர் திரும்ப வந்தார். பணம் வேண்டும் என்றார். நான் சிஸ்டத்தில் பார்த்தேன். இரண்டாவது வருடப் பிரீமியம் கட்டவில்லை, பாலிசி காலாவதி. இந்த மாதிரிப் பாலிசியில் ஒரு வருடம் மட்டும் கட்டி நிறுத்தினால் அன்றைய விதிப்படி ஒரு பைசாவும் திரும்ப வராது. (2024 அக்டோபரிலிருந்து விதி மாறியிருக்கிறது. முதல் வருடத்துக்குப் பின்னும் ஓரளவு கிடைக்கும். அப்போது அப்படி இல்லை.)

இதையும் இந்தியில் சொன்னேன். அவர் "ஹெ" என்றார். நகரவில்லை. அப்படியே நின்றார்.

எங்கள் கிளைக்குப் பேங்க் மித்ராவாக ஒரு சந்தால் பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது, இன்டர் படித்தவள். கையில் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஐநூறு, ஆயிரம் கொடுத்து வாங்குகிறவள். அன்றைக்குக் கணக்கு ஒப்படைக்க வந்திருந்தாள். "என்ன சொல்கிறார் கேளும்மா" என்றேன். இரண்டு பேரும் பேசினார்கள். அந்த அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. என் எதிரில் "ஹெ" தவிர எதுவும் சொல்லாதவர், தன் மொழியில் கையை ஆட்டி, விரல் விட்டு எண்ணி, நடுவே அழுது, பேசிக்கொண்டே போனார்.

அந்தப் பெண் என்னிடம் சொன்னது இதுதான். நான் அன்றைக்குச் சொன்னதில் அவருக்குப் புரிந்தது இரண்டு வார்த்தை. 'சால்', 'பைசா'. வருடம், பணம். அவர் புரிந்துகொண்டது, ஒரு வருடம் கழித்துப் பணம். சந்தாலியில் வருடத்துக்கு 'செர்மா' என்பார்கள். சந்தையில் கேட்டுக் கேட்டு 'சால்' தெரியும். அதன் முன்னால் நான் போட்ட 'ஹர்' அவர் காதில் ஏறவே இல்லை. 'ஒவ்வொரு' என்ற ஒரு சொல் புரியாததற்கு விலை ஐம்பதாயிரம் ரூபாய்.

"அப்புறம் ஏம்மா ஆமாம் ஆமாம் என்றார்?" என்று கேட்டேன்.

"ஆமாம்னு சொல்லலை சார். நீங்க பெரியவர், பேசிக்கிட்டே இருந்தீங்க. கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னாங்க" என்றாள்.

நம் ஊரில் ஆச்சி கதை சொல்லும்போது 'உம்' கொட்டுவோமே, அது. ஆச்சி கதைக்கு 'உம்' கொட்டிய பேரனிடம் யாராவது கைநாட்டு வாங்குவார்களா? நான் வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. அன்றைக்கு அந்த மேஜையில் இந்தி தாய்மொழியாக இருந்த ஆள் ஒருவரும் இல்லை. எனக்கு அது பரீட்சைக்குப் படித்த மொழி, அவருக்கு அது சந்தையில் கேட்ட மொழி. இந்தி சரியாகத் தெரியாத இரண்டு பேர் இந்தியில் பேசி முடித்த ஒப்பந்தம் அது. அப்பா அடி வாங்கியது எதற்காகவோ, அதையே நான் ஒரு சந்தால் பெண்ணுக்குச் செய்திருக்கிறேன். செய்தவன் இந்திக்காரன்கூட இல்லை, நான்.

அந்தப் பணம் எதற்கு? நம் பக்கம் 'ஒத்தி' என்போமே, அது மாதிரி அவர் புருஷன் இறக்கும் முன் வைத்தியத்துக்காகத் தண்ணீர்ப் பாங்கான வயலை ஊரில் ஒருவரிடம் வைத்திருந்தார். பணத்தைக் கொடுத்தால் வயல் திரும்பும், அதுவரை பணம் கொடுத்தவன் உழுது சாப்பிடுவான். சந்தால் பர்கானாவில் ஆதிவாசி நிலத்தை விற்கவோ மாற்றவோ முடியாதபடி 1949-ஆம் வருடக் குத்தகைச் சட்டம் கடுமையாகத் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் நிலத்தை ஈடாக எடுக்க முடியாததால் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். அதனால் இப்படி வாய்ப்பேச்சில் நிலம் கைமாறும். ஜூன் மழைக்குமுன் வயலை மீட்டு நாற்று விடலாம் என்று அவர் நினைத்திருந்தார்.

அந்த மண்ணின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இது சுருக்கென்று குத்தும். 1855 ஜூன் 30-ஆம் தேதி போக்னாடி கிராமத்தில் சித்து, கான்ஹு சகோதரர்கள் தலைமையில் ஆயிரக்கணக்கான சந்தால்கள் திரண்டு எழுந்தார்கள். 'ஹூல்' என்பார்கள். 1857-க்கும் இரண்டு வருடம் முந்தியது. கிழக்கிந்தியக் கம்பெனி, ஜமீன்தார் இவர்களோடு முக்கியமான எதிரி யார் தெரியுமா? வட்டிக்கடை மகாஜன். படிக்கத் தெரியாதவர்களிடம் பத்திரம் எழுதி வாங்கி, கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக அடிமை வேலை வாங்கினார்கள். அந்த எழுச்சியை அடக்கியபின்தான் சந்தால் பர்கானா என்ற தனி மாவட்டமே உருவானது. ஜூன் 30-ல் ஹூல் திவஸ் விழாவுக்கு எங்கள் வங்கியும் பேனர் கட்டும். அந்த பேனருக்கு வவுச்சர் போட்டவன் நான். மகாஜன் செய்ததை ஏ.சி. அறையில், பிரிண்ட் செய்த படிவத்தில் செய்தவனும் நான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பி.காமில் படித்த ஒப்பந்தச் சட்டம் ஞாபகம் வந்தது. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வதுதான் 'சம்மதம்' என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. அதன்படி பார்த்தால் அந்த அம்மா சம்மதிக்கவே இல்லை.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். மனித உரிமை என்றால் ஜெனீவாவில் கோட் போட்டவர்கள் பேசுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 1948-ஆம் வருட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் இரண்டாவது உறுப்பிலேயே, மொழியைக் காரணமாக வைத்து யாருக்கும் உரிமை குறையக்கூடாது என்று இருக்கிறது. இந்தியா 1979-ல் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இன்னும் தெளிவாக இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அவன் மீதுள்ள குற்றச்சாட்டை அவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், கோர்ட் மொழி புரியாவிட்டால் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும்.

நம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 1962-ல் ஹரிகிஷன் என்பவர் வழக்கு. தடுப்புக் காவலில் வைத்ததற்கான காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். அவர் இந்தியில் கேட்டார். கொடுக்கவில்லை. புரியாத மொழியில் கொடுத்தது கொடுத்ததாகவே ஆகாது என்று கோர்ட் அவரை விடுவித்தது. பிறகு லல்லுபாய் ஜோகிபாய் படேல் வழக்கு. குஜராத்தி மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் காகிதம். "போலீஸ் அதிகாரி வாயால் குஜராத்தியில் விளக்கினார்" என்று அரசுத் தரப்பு சொன்னது. அது போதாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. அந்த அதிகாரியாவது அவருக்குத் தெரிந்த மொழியில் விளக்கினார்!

சிறைக்குப் போகிறவனுக்கு உள்ள பாதுகாப்பு, வங்கிக்கு வருகிறவளுக்கு அதே வேகத்தில் கிடைக்காது என்பது தெரியும். ஆனால் ரிசர்வ் வங்கி 2014-ல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் இருக்கிறது. ஐந்து உரிமைகள். அதில் இரண்டாவது, ஒப்பந்தங்கள் சாதாரண மனிதருக்குப் புரியும்படி இருக்க வேண்டும், சரியாக எடுத்துச் சொல்லப்பட வேண்டும் என்பது. மூன்றாவது, வாடிக்கையாளரின் தேவைக்குப் பொருத்தமானதைத்தான் விற்க வேண்டும் என்பது. எங்கள் கிளைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். இந்தியிலும் ஆங்கிலத்திலும். அந்த அம்மா அதற்கு நேர் கீழே உள்ள பெஞ்சில்தான் அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்.

பாலிசிப் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தேன். பிடிக்கவில்லை என்றால் 15 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம் என்று உள்ளே இருந்தது, ஆங்கிலத்தில். தபாலில் வந்ததை அவர் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அதுதான் பணம் போட்டதற்கான ரசீது என்று நினைத்திருக்கிறார்.

அப்புறம் என்ன செய்தேன்? இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புகார் எழுதினோம். அவர்கள் அந்த டிக்ளரேஷனைத்தான் எடுத்துக் காட்டினார்கள். 'இந்தியில் விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார், கிளை மேலாளரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.' நான் போட்ட கையெழுத்து அந்த அம்மாவுக்கு எதிரான சாட்சியாக நின்றது. அதை உடைக்க ஒரே வழி, அது உண்மையில்லை என்று நானே எழுதிக் கொடுப்பது. நாலு நாள் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டுக் கடன், அடுத்த புரமோஷன் எல்லாம் வந்து போனது. ஐந்தாவது நாள் எழுதினேன். "வாடிக்கையாளரின் மொழி சந்தாலி. எனக்கு அது தெரியாது. அவருக்கு நான் பேசிய இந்தி புரியவில்லை. படிவத்தில் நான் எழுதியது தவறு."

எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். அந்த வருடம் புரமோஷன் இண்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை. பணம் 2019 டிசம்பரில் முழுசாகத் திரும்பி வந்தது. ஆனால் அந்த வருட நடவு போனது போனதுதான். ஒரு போகம் நெல்லை எந்தப் புகாரும் திருப்பித் தராது. அந்த வருடம் அவர் வீட்டில் அரிசி விலைக்கு வாங்கினார்கள்.

அதற்குப்பின் என் கிளையில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பெரிய சீர்திருத்தம் எல்லாம் இல்லை. சந்தாலி பேசுகிறவர் எதிலாவது கைநாட்டு வைக்கும்முன், பேங்க் மித்ரா பெண் சந்தாலியில் விளக்குவாள். பிறகு வாடிக்கையாளர் தான் புரிந்துகொண்டதைத் தன் மொழியில் அவளிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் அதை எனக்கு இந்தியில் சொல்வாள். எவ்வளவு பணம், எத்தனை நாள், நடுவில் எடுத்தால் என்ன ஆகும் என்ற மூன்றும் சரியாக வந்தால்தான் காகிதம் நகரும். கோட்டில் 'சந்தாலி' என்று எழுதுவோம். ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் கூட ஆகும். இன்சூரன்ஸ் விற்பனை பாதியாகக் குறைந்தது. ஏன் குறைந்தது என்பதை யோசித்தால் வெட்கமாக இருக்கும்.

நானும் கொஞ்சம் சந்தாலி கற்றுக்கொண்டேன். தண்ணீருக்கு 'தாக்', சோற்றுக்கு 'தாகா'. நம் 'தாகம்' இருப்பதால் முதலாவது உடனே மனசில் ஒட்டிக்கொண்டது. 'ஜோஹார்' என்றால் வணக்கம். 2022 ஜூலையில் திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராகப் பதவியேற்று 'ஜோஹார்' என்று பேச்சைத் தொடங்கியபோது நான் ராஞ்சிக்கு மாற்றலாகி வந்திருந்தேன். அந்த மித்ரா பெண் போன் செய்து, "சார், கேட்டீங்களா?" என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

ஒன்று கவனித்திருக்கிறேன். எங்கள் கிளைக்குப் பெரிய அதிகாரி வந்தால் சந்தால் பெண்கள் வரிசையாகக் கைகோத்து ஆடுவார்கள். மாதல் கொட்டுவார்கள். சால் இலைத் தொன்னையில் பலகாரம் வைப்போம். அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு "வளமான கலாச்சாரம்" என்பார். அடுத்த பத்து நிமிஷத்தில் மைக்கைப் பிடித்து அதே பெண்களுக்குத் திட்டங்களை இந்தியில் விளக்குவார். அவர்கள் "ஹெ" என்பார்கள். கலாச்சாரத்துக்கு நம்மிடம் மேடை இருக்கிறது. அந்தக் கலாச்சாரம் பேசுகிற மொழியில் ஒரு சலான் கிடையாது.

உங்கள் பர்சில் இருக்கும் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம், இந்தி போக ஒரு பக்கத்தில் 15 மொழிகள் அடுக்கியிருக்கும். தமிழ் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 24,821 பேர் தாய்மொழி என்று சொன்ன சமஸ்கிருதம் இருக்கிறது. (இருக்கட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை.) 73 லட்சம் பேரின் சந்தாலி இல்லை. போடோ, மைதிலி, டோக்ரி, மணிப்புரி, சிந்தியும் இல்லை. லடாக்கில் கல் உடைத்துச் சம்பாதித்த நோட்டில் அந்தப் பையனின் மொழி கிடையாது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

அந்த மௌசியின் சின்ன மகன் லடாக் போகவில்லை. நம் திருப்பூருக்கு வந்தான். பனியன் கம்பெனி. ஒரு நாள் மித்ரா பெண் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். "சார், தம்பியைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இது உங்க மொழிதானே? என்ன எழுதியிருக்கு?"

படித்தேன். சுத்தமான தமிழ். "எனக்குச் சேர வேண்டிய சம்பளம் மற்றும் இதர பாக்கிகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன். இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை. மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, முழு சம்மதத்துடன் கையொப்பமிடுகிறேன்."

அவனுக்கு ஒன்றரை மாதச் சம்பளம் பாக்கி இருந்தது.

"கையெழுத்துப் போடாதே என்று சொல்" என்றேன். அந்தக் கம்பெனி நம்பரை வாங்கிப் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். "அண்ணே, எல்லோரிடமும் வாங்குறதுதானே, ஃபார்மாலிட்டி" என்றார். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் போனில் இழுத்து ஒரு மாதச் சம்பளம் வாங்கினோம். மிச்சம் வரவில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். இந்திக் கட்டுரைப் பரிசை இன்னும் சொல்லவில்லை, இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டார்.

தெரியும் அப்பா. எனக்கும் அன்றைக்குத் தெரிந்துதான் இருந்தது.

உங்கள் ஊரில், உங்கள் கடையில், ஆஸ்பத்திரியில், கம்பெனியில், வெளியூரிலிருந்து வந்த யாராவது ஒருவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார் என்றால், போடும்முன் அதில் என்ன இருக்கிறது என்று அவரையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவருடைய மொழி தெரிந்த ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இருபது நிமிஷம்தான் ஆகும்.